சேதாரம் யார் கணக்கில்?

நகைக்கடையில் படியேறுகிற எந்தக் குடும்பத்துப் பெண்மணியும் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே கேட்டுக் கணக்குத் தீர்க்காமல் பணப்பையைத் திறப்பதில்லை. பொன்னைப் பற்றிய வரையில் இவ்வளவு விழிப்பாக இருக்கிற நாம், ஒரு பையன் தொழில் கற்றுக்கொள்ளும் காலத்தில் அவன் கையால் வீணாகும் பொருளுக்குச் சேதாரம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியை மட்டும் எழுப்புவதே இல்லை. கைத்தொழில்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குரு சிஷ்ய பரம்பரையைப் பற்றியும், ஜாதிக் கட்டுப்பாட்டைப் பற்றியும், யந்திரங்களின் வருகையைப் பற்றியும் விரிவாகப் பேசுவார்கள். கோணலாக வெட்டப்பட்டு மூலையில் எறியப்பட்ட தகடு அவர்கள் கண்ணில் படுவதில்லை. சென்னைப் பட்டணத்தில் தகட்டு வேலை கற்க வந்த பையனுக்குக் கதவு எப்போது திறந்தது, எப்போது சாத்தப்பட்டது என்பதை ஆராய்ந்து பார்க்கிறவனுக்கு, அந்தக் கதவின் சாவி அந்த எறியப்பட்ட தகட்டில்தான் இருந்தது என்று தோன்றாமற்போகாது.

தகடு மன்னிக்கத் தெரியாத பொருள். குயவனுடைய பானை சக்கரத்திலேயே கோணிப்போனால் மண்ணைப் பிசைந்து மறுபடி ஏற்றலாம். வார்ப்பு வேலைக்காரன் தவறின வார்ப்பை உடைத்து மூசையில் போடலாம். தகட்டில் அரை அங்குலம் குறைத்து வெட்டினவன் அந்த அரை அங்குலத்தை ஈரேழு பதினாலு லோகத்திலும் தேடிப் பெற முடியாது. அடிக்கும் அடியும் அப்படித்தான். புதிதாக வந்தவன் மடிப்பைப் படிய வைப்பதாக எண்ணிக்கொண்டு மரச்சுத்திக்குப் பதில் இரும்புச் சுத்தியால் நாலு போடு போட்டானானால், அடிபட்ட இடம் மெலிந்து நீண்டு, சுற்றியுள்ள பாகம் நீளாமல் நின்றுவிட, தகடு நடுவிலே புடைத்துக்கொண்டு விரலால் அழுத்தும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ‘டப், டப்’ என்று துள்ளும். அந்தப் புடைப்பை அடித்து நிமிர்த்தலாம் என்று அதன் தலையிலேயே மேலும் அடிப்பது ஆரம்பக்காரனுடைய இரண்டாவது தவறு. அடிக்க அடிக்க அது பெரிதாகுமேயன்றிக் குறையாது. புடைத்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இறுக்கமான இடத்தை மெல்ல அடித்து நீட்டினால் புடைப்பு தானே அடங்கும் என்ற ரகசியம் கைக்கு வருவதற்குள் எத்தனையோ தகடுகள் பாழாகியிருக்கும்.

இந்த நஷ்டத்தைத் தாங்குவதற்குப் பழைய காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கும்பகோணம் முதலிய ஊர்களில் செம்பும் பித்தளையும் தட்டி அண்டா, குடம், தவலை செய்துவந்த கன்னார் குடும்பங்களில் பையன் தகப்பன் பட்டறையிலேயே துருத்தி ஊதிக்கொண்டு வளர்ந்தான். அவன் கெடுத்த தகடு குடும்பச் சொத்து. அதிலும் பித்தளை எடைக்கு விலை போகும் உலோகமாகையால், கெட்டுப்போன தகட்டை உருக்கி மறுபடி தகடாக்கிக்கொள்ள முடிந்தது. போனது கரியும் உழைப்பும்தான். பிறத்தியார் வீட்டுப் பையனை அந்தப் பட்டறைக்குள் விடாததற்கு ஜாதி அபிமானம் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. அதை நியாயப்படுத்தவும் முன்வரவில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பையன் கெடுக்கும் தகட்டுக்கு நான் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்ற கணக்கும் அந்த அபிமானத்தின் அடியிலே இருந்ததென்பதை ஒப்புக்கொண்டால்தான், பின்னால் அந்தக் கதவு திறந்த விதம் நமக்கு விளங்கும்.

1850ஆம் வருஷம் இந்த விஷயத்தில் கவனிக்கத் தக்கது. அவ்வாண்டின் 19ஆவது சட்டமாகக் கும்பினி சர்க்கார் தொழில் பழகுநர் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அநாதைகளும், தர்மத்திலே வளர்ந்த ஏழைக் குழந்தைகளும் ஒரு தொழிலைக் கற்று வயது வந்தபின் பிழைத்துக்கொள்ள வழி செய்வதே அதன் நோக்கமென்று முகவுரையிலேயே சொல்லப்பட்டிருந்தது. பத்து வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளையைத் தகப்பனோ, பாதுகாப்பாளனோ ஒப்பந்தம் எழுதி ஓர் எஜமானிடம் விடலாம். ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு மேற்படக் கூடாது. பையனானால் இருபத்தொரு வயதோடும், பெண்ணானால் அவள் கல்யாணத்தோடும் அது முடிந்துவிட வேண்டும். ஏழு வருஷம் என்ற அளவு இங்கிலாந்திலே 1563இல் எலிசபெத் ராணியின் காலத்துச் சட்டம் விதித்ததை அடியொற்றியது. அந்த ஏழு வருஷமும் வித்தையின் ஆழத்தைக் காட்டுவதாகச் சிலர் பெருமைப்படுவார்கள். எனக்கு அதில் வேறு கணக்குத் தெரிகிறது. முதல் இரண்டு வருஷம் பையன் கெடுக்கிற சரக்கையும் தின்கிற சோற்றையும், கடைசி மூன்று நான்கு வருஷம் அவன் கூலியில்லாமல் செய்கிற நல்ல வேலையில் எஜமானன் திரும்ப எடுத்துக்கொள்வதற்கே அத்தனை நீண்ட தவணை தேவைப்பட்டது. சேதாரத்தைப் பையனே கொடுத்தான்; பணமாகக் கொடுக்க வழியில்லாமல் இளமையாகக் கொடுத்தான்.

அதே 1850இல் சென்னையில் ராணுவ வைத்தியராகிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தம் சொந்தச் செலவில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். மறு வருஷம் அதனோடு கைத்தொழிற் பிரிவு ஒன்றையும் சேர்த்தார். 1855இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. (இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. ஓவியர்களையும் சிற்பிகளையும் நாட்டுக்குத் தந்த அந்த வளாகத்தில் ஒரு காலத்தில் குண்டான் தட்டும் ஓசை கேட்டதென்று சொன்னால் நம்புகிறவர் குறைவு.) கெடுவதற்கென்றே சர்க்கார் செலவில் சரக்கு வாங்கிக் கொடுக்கும் இடம் என்ற புதுமை அப்போதுதான் இந்தப் பட்டணத்துக்கு வந்தது.

ஆனாலும் சட்டமும் பள்ளியும் சேர்ந்து திறந்ததைக் காட்டிலும் அகலமாகக் கதவைத் திறந்தது ஒரு காலி டின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும், பின்னர் ருஷ்யாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மண்ணெண்ணெய் கப்பலேறி வந்தது. மரப்பெட்டி ஒன்றுக்கு இரண்டு டின், டின் ஒன்றுக்கு ஏறக்குறைய நாலு காலன் எண்ணெய். எண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு டின் மிஞ்சிற்று. இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயப் பூச்சிட்ட அந்தத் தகரம் பித்தளையைப் போல எடைக்கு விலை போகாது, உருக்கவும் உதவாது, அதனாலேயே அது மலிவு. ஓரத்தைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 14 அங்குல அகலமும் ஒரு கஜ நீளமுமான நல்ல தகடு சில்லறைக் காசுக்குக் கிடைத்துவிடும். இந்தியாவிலேயே இந்த டின்களுக்குத் தகடு செய்வதற்காக ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் 1920இல் டின்பிளேட் கம்பெனி ஏற்பட்ட பிறகு சரக்குக்குப் பஞ்சமே இல்லாமற்போயிற்று. பித்தளைப் பட்டறை வாசலில் நிற்கவும் அனுமதியில்லாதிருந்தவன் வீட்டுப் பிள்ளை தகரப் பட்டறைக்குள் நுழைந்தது இப்படித்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமின்றிப் பலரும் அந்தத் தொழிலில் இருந்தார்கள். வீணானால் வீணாகட்டுமென்று விட்டுவிடக்கூடிய தகடு வந்ததும் குலமுறை தானே தளர்ந்துவிட்டது. சீர்திருத்தப் பிரசங்கங்கள் பல செய்யாத காரியத்தை ஒரு மண்ணெண்ணெய் டின் செய்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பட்டறைகளில் பையன் சேர்ந்த விதத்தைப் பற்றி எழுத்து மூலமான ஒப்பந்தம் எதையும் தேட வேண்டியதில்லை. தகப்பன் ஒரு நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும் தட்டில் வைத்து, “மேஸ்திரி, இனிமேல் இவன் உங்க பிள்ளை; கண்ணை மட்டும் விட்டுட்டு எங்கே வேணாலும் அடிங்க” என்பான். “முதல்லே கரி போடட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பார் மேஸ்திரி. கரி போடுவதென்றால் லேசான காரியமில்லை. பற்றவைக்கும் செப்புக்கோல் கரியடுப்பில் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டுமென்பது கண்ணால் அறிய வேண்டிய விஷயம். சூடு போதாவிட்டால் ஈயம் ஓடாமல் கட்டி கட்டியாக நிற்கும். மிஞ்சிவிட்டாலோ கோலின் முனை கருகி ஈயத்தைப் பிடிக்கவே பிடிக்காது. கருகின முனையை அரத்தால் தேய்த்து, நவச்சாரக் கட்டியில் புகை எழும்ப உரசி, அதன்மேல் ஈயத்தை ஓடவிட்டால் முனை மறுபடி வெள்ளியாக மின்னும். ஆசிட்டில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு அது பொங்கி அடங்கும் வரை காத்திருந்து, அந்தத் திரவத்தைப் பீங்கானில் ஊற்றி எடுத்துக் கொடுப்பதும் பையன் வேலைதான். இருமலும் கண்ணெரிச்சலும் சம்பளத்தோடு சேர்ந்தவை. சம்பளம் என்பது பெரும்பாலும் ஒரு வேளைச் சோறும், தீபாவளிக்கு ஒரு வேட்டியும்.

பிறகு ஒரு நாள் கத்தரி கைக்கு வரும். முதலில் கொடுப்பது புனல். பார்வைக்கு அற்பமான அந்தச் சாமானுக்குள் ஒரு க்ஷேத்திர கணிதம் அடங்கியிருக்கிறது. வாய் விட்டம் 8 அங்குலம், வாய் விளிம்பிலிருந்து கூம்பின் நுனி வரை சரிவும் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், வெட்ட வேண்டிய தகடு 8 அங்குல ஆரமுள்ள சரி பாதி வட்டம். சரிவு அதைவிட நீண்டால் பாதிக்குக் குறையும், குட்டையானால் கூடும். இதைச் சூத்திரமாகச் சொல்லத் தெரியாத மேஸ்திரிகள் அளவுக்கொரு அச்சுத் தகடு வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். அதைத் தகரத்தின்மேல் வைத்து முள்ளால் கீறி வெட்டினால் போதும். ஆனால் அச்சைச் சுற்றி எவ்வளவு விட வேண்டுமென்பதில்தான் பையன் மாட்டிக்கொள்வான். மடித்துக் கோத்து அடிக்கும் ஓரத்துக்கு ஒரு கணக்கு. விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டுவதற்குக் கம்பியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. அரைக்கால் அங்குலக் கம்பிக்கு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பாகம் என்று இங்கிலீஷ் புஸ்தகம் சொல்லும். பட்டறையிலோ கம்பியைத் தகட்டோரத்தில் ஒட்டி ஒரு உருட்டு உருட்டி, “இவ்வளவு விடு” என்று நகத்தால் கீறிக் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றாகவே முடிவதைக் கண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஆச்சரியப்படலாம்; எனக்கு ஆச்சரியமில்லை, நூற்றுக்கணக்கான டின்களைக் கெடுத்தபின் நகமும் கணிதம் கற்றுக்கொள்ளும். புனலுக்குப் பின் சிமினி விளக்கு, உழக்கு, வாளி, கடைசியில் டிரங்குப் பெட்டி என்று வரிசை ஏறும். பூட்டு சரியாக விழும் டிரங்குப் பெட்டி ஒன்றைத் தனியே செய்து முடித்தவன் கையாளாகிவிட்டான். ஆயுத பூஜை அன்று அவன் கத்தரிக்கும் தனியாகச் சந்தனப் பொட்டு உண்டு.

இதற்கு நேர் எதிரான மார்க்கத்தில், மிக விலையுயர்ந்த ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு பரிசோதனை செய்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக வந்த அவர், கலைப்பள்ளியின் பொறுப்பும் கைக்கு வந்தபோது, 1898இல் அங்கே அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கினார். மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறை 1886இல் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பன்னிரண்டே வருஷம் ஆகியிருந்தது. ஐரோப்பாவிலேயே அது புது உலோகம். சீமைச் சரக்கின் போட்டியால் பிழைப்பு மங்கிக்கொண்டிருந்த நம் செம்பு பித்தளைத் தொழிலாளர்களுடைய கைத்திறமையைப் போட்டியில்லாத புது உலோகம் ஒன்றில் திருப்பிவிட்டால் என்ன என்பது அவருடைய யோசனை. அலுமினியம் எளிதில் பற்றவைக்க வராது. ஆகவே ஒட்டுப்போட்டுச் செய்யும் தகரக்காரன் வழி இங்கே பயன்படாது. வட்டத் தகட்டை ஒரே துண்டாகத் தட்டி எழுப்பும் கன்னாரின் வித்தைதான் வேண்டும். பரம்பரை வித்தைக்கும் புதிய பொருளுக்கும் நடந்த அந்தக் கல்யாணத்தில் சேதாரம் முழுவதும் சர்க்கார் தலையில் விழுந்தது. அது வெற்றியும் பெற்றது. 1900இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி ஏற்பட்டது; 1903இல் பள்ளியின் அலுமினிய வியாபாரம் அந்தக் கம்பெனிக்கு மாற்றப்பட்டது. இன்று ஏழை வீட்டு அடுப்பில் ஏறுகிற அலுமினியக் குண்டானின் பூர்வீகம் பூந்தமல்லி நெடுஞ்சாலைதான்.

வெற்றியே வினையாயிற்று. சர்க்கார் வியாபாரத்தில் இறங்கலாமா என்று ஐரோப்பிய வர்த்தகர்கள் முணுமுணுத்தார்கள். 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, புதிய முறைகளை ஜனங்களுக்குக் கற்பிப்பதோடு சர்க்கார் நிறுத்திக்கொள்ள வேண்டும், லாபகரமாக நடத்திக் காட்டுவது தனியார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லி, சென்னையின் தொழில் இலாகாவையே மூடச் செய்தார். சாட்டர்டன் 1912இல் மைசூருக்குப் போய்விட்டார். மார்லி தத்துவ ஞானி. தகட்டு வேலை அறியாதவர். செய்ததை விற்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பள்ளியில் பையன் அடிக்கிற நல்ல பாத்திரமும் கெட்ட பாத்திரமும் ஒன்றுபோலச் செலவுக் கணக்கில்தான் எழுதப்படும். அப்படிப்பட்ட பள்ளிக்கு மாணவன் கையில் தகடு கொடுக்க மனம் வராது. கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவது மலிவு. நம் தொழிற்பள்ளிகளைப் பீடித்த ஏட்டுச் சுரைக்காய் வியாதிக்கு விதை அங்கே விழுந்ததென்றே நான் கருதுகிறேன்.

ரயில்வேக்காரர்கள் சங்கதி வேறு. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட அதே வருஷத்தில் பெரம்பூர்ப் பட்டறையும் ஏற்பட்டது. அங்கே கழிவுத் தகடு மலைபோலக் கிடக்கும். ஆகையால் அப்ரண்டிஸ் பையனுக்குப் பழக்கம் கொடுப்பதில் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஆனால் மேல்நிலை அப்ரண்டிஸ் இடங்கள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே பெரும்பாலும் கிடைத்தன. சேதாரப் பிரச்சினை தீர்ந்த இடத்திலும் நிறம் ஒரு தாழ்ப்பாளாக நின்றது. அந்தப் பட்டறையில் பையன் முதலில் மனப்பாடம் செய்தது கேஜ் எண். இங்கிலாந்தில் 1884இல் சட்டபூர்வமாக்கப்பட்ட அந்த அளவில் எண் ஏற ஏறக் கனம் குறையும். 16 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 64 பாகம், 22 என்றால் 28 பாகம். பெரிய எண்ணைக் கேட்டதும் கனமான தகட்டை இழுத்துக்கொண்டு வருவது புதியவனுடைய வழக்கம். சிரிப்பது பழையவர்களுடைய வழக்கம்.

சுதந்திரத்துக்குப் பின் 1955ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு பெரம்பூரில் ஐ.சி.எப். என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு, மரச்சட்டத்தை விட்டுவிட்டு முழுவதும் உருக்காலேயே பெட்டி கட்டும் முறை வந்தது. பெட்டியின் மேனியே தகடு என்று ஆனபிறகு தகட்டு வேலைக்காரனுக்கு வந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்தின் வடபகுதியில் பல குடும்பங்களுக்கு ‘ஐ.சி.எப். அப்ரண்டிஸ்’ என்ற பெயர் கல்யாணச் சந்தையிலும் செல்லுபடியாகும் நாணயமாயிற்று.

1950இல் மத்திய சர்க்கார் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. 1961இல் புதிய தொழில் பழகுநர் சட்டம் வந்து, 1850ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒருவழியாக ரத்து செய்தது. புதிய சட்டத்தில் இரண்டு ஷரத்துகள் என்னைக் கவர்ந்தவை. பழகுநனுக்கு மாதாமாதம் உபகாரச் சம்பளம் தர வேண்டும், செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசக் கூடாது என்பது ஒன்று. உருப்படிக் கூலி பேசினால் பையன் தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்வானேயன்றித் தெரியாததைத் தொட்டுக் கெடுக்கத் துணியமாட்டான் என்பதை இதை எழுதினவர் நன்றாக உணர்ந்திருக்கிறார். மற்றொன்று, அடிப்படைப் பயிற்சியின் செலவு பற்றியது: பெரிய தொழிற்சாலையானால் முதலாளியே ஏற்க வேண்டும்; சிறியதானால் ஒரு வரம்பு வரையில் அரசும் அவரும் சரிபாதி. யார் கணக்கில் என்ற பழைய கேள்விக்கு நம் நாட்டுச் சட்டப் புஸ்தகத்தில் நேரான பதில் எழுதப்பட்டது அப்போதுதான். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டுமென்ற கட்டாயம் மட்டும் அந்தச் சட்டத்திலும் இல்லை.

இன்றைக்கும் புதுப்பேட்டையிலும் ஊருக்கு ஊர் உள்ள டிங்கரிங் ஷெட்டுகளிலும் பையன்கள் பழைய முறையிலேதான் கற்கிறார்கள். விபத்தில் நசுங்கின கதவும் பானெட்டும் அவர்களுக்கு மண்ணெண்ணெய் டின்னாக உதவுகின்றன. ஏற்கெனவே கெட்டதை இன்னும் கெடுத்துவிட முடியாதல்லவா? ஐ.டி.ஐ.யில் ‘ஷீட் மெட்டல் ஒர்க்கர்’ பிரிவில் ஓராண்டு படிக்கிற மாணவன் நிலை அப்படியில்லை. பயிற்சிப் பொருளுக்கென்று ஒதுக்கப்படும் தொகை வரம்புக்கு உட்பட்டது. அதில் வாங்குகிற தகட்டை வாத்தியார் எண்ணித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்பத்தூரிலும் கிண்டியிலும், கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் தகடு வெட்டி வேலை செய்கிற தொழிலதிபர்கள் வெட்டி மிஞ்சின துண்டுகளைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். அதில் ஒரு கையகலத்துக்கு மேற்பட்ட துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, மாதத்துக்கு ஒரு முறை பக்கத்து ஐ.டி.ஐ.க்கு ஒரு வண்டி அனுப்பிவைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.